மணியடித்த மிளகாய்

மலாக்கா நகரத்தின் காஜா பெராங்கில் ஷம்சுதீனின் மளிகைக் கடை முகப்பில், அரிசி மூட்டைக்கும் கருவாட்டுப் பெட்டிக்கும் நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டியைப் போட்டுக்கொண்டு கலியாணசுந்தரம் கடிகாரம் பழுதுபார்த்து வந்தார். கைவேலையில் கெட்டிக்காரர். வாய்வேலையில் அதைவிடக் கெட்டிக்காரர். நின்றுபோன கடிகாரத்தை யாராவது கொண்டுவந்தால் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, "இது கெட்டுப் போகல. உங்ககூடச் சுத்தி சலிச்சுப் போயி ஒக்காந்துருச்சு" என்பார். திட்டிக்கொண்டே மறுபடியும் அவரிடம்தான் வருவார்கள். மலாக்காவில் வேறு கடிகாரக்காரர்கள் இல்லாமலில்லை. ஆனால் அவர்கள் யாரும் சிரிக்க வைக்கவில்லை.

அவருக்கு உலகத்தில் ஆகாதது இரண்டு. ஒன்று பூனை, இன்னொன்று மாமியார். பூனை மூக்குக்கு ஆகாது, மாமியார் காதுக்கு ஆகாது.

அவர் மனைவி ருக்மணிக்கோ பூனை என்றால் உயிர். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. அதைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், "இருக்கிற ஒன்னையே வளத்து முடியல" என்று புருஷனைக் காட்டுவாள். மீன் பாசாருக்குப் பின்னால் கிடந்த ஒரு வரிப்பூனையை ஒருநாள் தூக்கி வந்து, கடைக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த அறையில் வளர்க்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து கலியாணசுந்தரம் தும்ம ஆரம்பித்தார்.

கடிகாரக்காரன் தும்மக் கூடாது. ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு சிலோன்காரரின் கைக்கடிகாரத்தைத் திறந்து, கடுகை விடச் சின்னதான ஒரு சக்கரத்தை இடுக்கியில் பிடித்திருந்த நேரம் பார்த்து ஒரு தும்மல் வந்தது. சக்கரம் பறந்து கருவாட்டுப் பெட்டிக்குள் விழுந்தது. ஷம்சுதீனும் அவருமாகப் பெட்டியையே கவிழ்த்துத் தேடினார்கள். நெத்திலி நெத்திலியாகப் புரட்டியும் கிடைக்கவில்லை.

"விடுங்க லா," என்றார் ஷம்சுதீன் கையைத் துடைத்தபடி. "நாளைக்கி எவன் வீட்டுக் கொழம்புலயோ டிக்டிக்னு சத்தம் கேக்கும். அப்ப போயி வாங்கிக்கலாம்."

அன்று இரவே கலியாணசுந்தரம் வீட்டில் சொல்லிவிட்டார்: பூனை இருந்தால் தொழில் இல்லை. ருக்மணி தன் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள். மறுநாள் புக்கிட் ரம்பாயிலிருந்து அவளுடைய அம்மா கோமளம் பஸ் ஏறி வந்தாள். மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றி, அந்த மூக்கு வந்த வம்சத்தைப் பற்றி, அந்த வம்சத்துக்குப் பெண் கொடுத்த தன் தலையெழுத்தைப் பற்றியெல்லாம் தெரு முழுக்கக் கேட்கும்படி பேசிவிட்டு, பூனையைக் கூடையில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

அதன்பிறகு ருக்மணி புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. ஏதாவது சொல்லியே ஆகவேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். "சோறு ஆறிப் போகுதுன்னு யாராச்சும் சொல்லுங்க." கலியாணசுந்தரமும் சுவரிடமே, "சொல்லியாச்சுன்னு சொல்லு" என்பார். முதல் சில நாள் அது அவருக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு சுவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. தெருவையே பேசிச் சமாளிக்கிற மனிதருக்கு வீட்டில் பேச ஆளில்லை.

கடைசியில் ஒரு பூனை செய்வதென்று முடிவு செய்தார்.

முடி கொட்டாத தகரப் பூனை. உள்ளே பழைய அலாரம் கடிகாரத்தின் வயிற்றை வைத்து, வால் ஆடும்படி செய்தால் அவள் மனம் இறங்கும் என்று கணக்குப் போட்டார். பால் மாவு டின்களை வெட்டினார், வளைத்தார், ஈயம் வைத்து ஒட்டினார். அவருக்குச் சின்னச் சக்கரங்கள்தான் பழக்கம். தகரம் அவர் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தலை ஒட்டவில்லை. காது நிற்கவில்லை. கால் நான்கில் மூன்று உதிர்ந்தன, நான்காவதை அவரே கோபத்தில் பிடுங்கிப் போட்டார். மிஞ்சியது முழங்கை நீளத்தில் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் கூர்ந்து சற்றே வளைந்த ஓர் உடம்பும், தடித்த முனையில் நட்டுக்கொண்டு நின்ற வாலும்தான்.

சாயத்துக்கு எங்கும் போகவில்லை. அது ஐம்பத்தேழாம் வருடம். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறதென்று ஊரே அலங்கார வளைவு கட்டிக்கொண்டிருந்தது. கொடியின் சிவப்புக் கோடுகளுக்கு அடித்தது போக மிச்சமிருந்த டின்னை ஒரு பெயின்டர் அவரிடம் கொடுத்திருந்தார். உடம்பு முழுக்க அதை அடித்தார். வாலுக்கு, முடிதிருத்தும் தேவதாஸ் தன் கடைக் கதவுக்கு அடித்த பச்சையில் கொஞ்சம். இரண்டு கண் வரைந்தார், மீசையும் வரைந்தார். உலகத்தில் சிவப்புப் பூனை உண்டா என்ற கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

ருக்மணி அடுப்படியில் இருந்தபோது கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். அவள் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள்.

"என்னங்க இது, மொளகாயா?"

"பூனை."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாரக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சிரிப்பாக வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். மறுபடி சிரித்தாள். கலியாணசுந்தரத்துக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, சுவருக்குப் பதிலாகத் தன்னைப் பார்த்துத்தான் அவள் சிரிக்கிறாள் என்பது உறைத்தது.

"சரி, மொளகாதான்," என்றார். "ஆனா இது முடி கொட்டாது. மீன் திருடாது."

அது என்ன செய்யும் என்று காட்டினார். வயிற்றிலிருந்த சாவியைத் திருகினால் பச்சைக் காம்பு மெல்ல நிமிர்ந்து நிற்கும். உள்ளே சுருள்வில் தளரத் தளரக் காம்பும் சாயும். அரைநாள் ஆனால் முழுக்கத் தொங்கிவிடும். தொங்கியதும் அலாரம் மணி கணகணவென்று அடிக்கும். அடிக்கிற வேகத்தில் மிளகாய் உருண்டு மல்லாக்க விழும். காலையும் மாலையும் மறக்காமல் சாவி கொடுத்தால் சமர்த்தாக நிற்கும்.

"அதாவது பசிச்சா அழும்," என்றாள் ருக்மணி.

"தகரத்துக்கு என்னடி பசி?"

"உங்களுக்கு மட்டும் என்ன? பசிச்சா இதே சத்தம்தான்."

அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பிள்ளையாயிற்று. காலையில் சாவி கொடுத்துவிட்டுத்தான் புருஷனுக்குக் கோப்பி. வெயில் நேரத்தில் சாயம் உருகிவிடும் என்று ஈரத்துணி போர்த்தினாள். அவள் பண்டார் ஹிலிரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருந்த ஒருநாள் சாவி கொடுக்க மறந்துவிட்டுக் கலியாணசுந்தரம் தூங்கிப்போனார். திரும்பி வந்தவள் மல்லாந்து கிடந்த மிளகாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பசியாறக்கூடக் குடுக்காமப் போட்டு வெச்சிருக்கீங்களே, நீங்க மனுசனா?" என்று கேட்டாள். கேட்ட விதத்தில் விளையாட்டு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று அவரால் பிரிக்க முடியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

சங்கதி தெருவுக்குப் பரவியது. மாலையில் கடைக்கு வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுப் பிராணி என்றால் பேர் வைக்க வேண்டாமா என்று ஷம்சுதீன்தான் ஒரு நாள் ஆரம்பித்து வைத்தார்.

"எதுக்குத் தனியாப் பேரு? 'மொளகா'ன்னே கூப்புடலாமே," என்று பதிலையும் அவரே சொன்னார்.

தேவதாஸ் பாலக்காட்டுக்காரர். "முளகுன்னு பறயணும்," என்றார்.

"மிளகு கறுப்பா உருண்டையால்ல இருக்கும்? அந்தா சாக்குல இருக்கு பாருங்க," என்றார் ஷம்சுதீன்.

"அது குருமுளகு. இது முளகு."

சக்கரத்தைப் பறிகொடுத்த சிலோன்காரரும் அங்கே நின்றார். கடிகாரத்தைப் பற்றிக் கேட்க வந்தவர், இந்த விஷயத்தில் தலையிடாமல் இருக்க முடியவில்லை. "எங்கட ஊரில இதைக் கொச்சிக்காய் எண்டுதான் சொல்லுறது. நீங்கள் எல்லாரும் பிழையாச் சொல்லுறியள்."

"கொச்சி எங்க ஊர்ப் பக்கம்," என்றார் தேவதாஸ். "எங்க ஊர்ப் பேரை நீங்க எடுத்துட்டு, நாங்க பிழையா?"

காய்கறி விற்கும் அஞ்சலை கூடையை இறக்கி வைத்தாள். அவள் திருநெல்வேலிக்காரி. தன் கொல்லையில் தானே பயிரிட்டு பாசாரில் கடை போட்டிருந்தவள். மிளகாய் விஷயத்தில் அவளுக்கு மேல் ஆளில்லை என்பது அவள் எண்ணம். "பச்சையா இருந்தாத்தான் மொளகா. செவந்து காஞ்சா வத்தல். இது செவப்பா இருக்கு, வத்தல்னு சொல்லுங்க."

"வத்தல்னா சுருங்கி இருக்கணும்ல? இது உப்பியிருக்கே," என்றார் ஷம்சுதீன்.

செட்டிகள் கிராமமான செட்டி கம்பத்து லெச்சுமி உப்பு வாங்க வந்திருந்தாள். நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். மலாக்காச் செட்டிகளுக்கு அதுதான் தாய்மொழி. கொஞ்ச நேரம் இவர்கள் கத்துவதைப் பார்த்துவிட்டு, "இத்து சிலி லா," என்றாள். அது சிலி, இதில் சண்டை என்ன என்று அர்த்தம். பக்கத்தில் சுருட்டு வாங்கிக்கொண்டிருந்த மலாய் போலீஸ்காரர் வடக்கே கெடா மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் திரும்பி, எங்கள் பக்கம் சாபாய் என்றுதான் சொல்வோம் என்றார். உடனே லெச்சுமியும் போலீஸ்காரரும் மலாயில் தனிச் சண்டை ஆரம்பித்தார்கள். இன்னும் சுதந்திரமே வரவில்லை, அதற்குள் ஒரு மிளகாய்க்குக் கடைக்குள் ஆறு கட்சி.

கலியாணசுந்தரம் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் நிறுத்துங்க. சிவப்பா இருக்கு. காரமா இருக்கு. நேரத்துக்குக் கவனிக்கலன்னா தெருவுக்கே கேக்கறாப்புல கத்துது. இதுக்கு ஒரே பேருதான் பொருந்தும். கோமளம்."

கடை அதிர்ந்தது. போலீஸ்காரருக்கு மட்டும் புரியவில்லை. அவருக்கு லெச்சுமி மொழிபெயர்த்துச் சொன்னதும் அவரும் சிரித்தார். உள்ளிருந்து வந்த ருக்மணி அடிக்கப் போகிறாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் கொஞ்சம் யோசித்து, "நல்ல பேருதான்," என்றாள். "ஆனா அம்மா வர்ற அன்னைக்கி நீங்கதான் பதில் சொல்லணும்."

சுதந்திரம் வந்த அந்த வாரம் பள்ளித் திடலில் கொண்டாட்டம். மாறுவேடப் போட்டி, காய்கறிக் கண்காட்சி, வீட்டுப் பிராணிகள் போட்டி என்று ஒன்றும் விடாமல் வைத்தார்கள். கோமளத்தைப் பிராணிகள் போட்டியில் சேர்ப்பது என்று ருக்மணி தீர்மானித்தாள். கலியாணசுந்தரம் தடுத்துப் பார்த்தார். "நாயும் சேவலும் வர்ற எடத்துல டின்னைத் தூக்கிட்டு நிப்பியா?" அவள் புடவை மாற்றிக்கொண்டே, "அதுங்க எல்லாம் சொன்ன பேச்சுக் கேக்காது. இது கேக்கும்," என்றாள்.

பதிவு மேசையில் இருந்த ஆள் காலையிலிருந்து எழுதி எழுதிக் கை ஓய்ந்து போயிருந்தார். தலையைத் தூக்கவே இல்லை.

"பேரு?"

"கோமளம்."

"என்ன வகை?"

"மொளகா."

துண்டு போர்த்திய கூடையில் சீட்டு ஒன்றைக் கட்டி ஒரு தொண்டரிடம் கொடுத்தார். தொண்டர் அதை நேரே காய்கறிக் கூடாரத்துக்கு எடுத்துப் போனார். பிராணிகளை முதலில் பரிசோதிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ருக்மணி ஒரு வான்கோழிக்கும் இரண்டு நாய்களுக்கும் நடுவே வரிசையில் போய் நின்றாள்.

கூடாரத்தில் கண்காட்சிக் கத்தரிக்காய்களை யாரோ காலையிலேயே சமையலுக்கு எடுத்துப் போய்விட்டதால் கயிறு கட்டி, யாரும் கிட்டே போகக் கூடாதென்று வைத்திருந்தார்கள். நடுவராக வந்தவர் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெண்கள் கூடியிருந்த இடமானதால் மூக்குக்கண்ணாடியைப் பையிலேயே வைத்திருந்தார். மிளகாய் மேசையில் அஞ்சலையின் மிளகாய்கள், விரல் நீளத்தில், பளபளவென்று, யாரும் குறை சொல்ல முடியாதபடி அடுக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் கண்ணும் மீசையும் இலைக்குள் புதைய, குப்புறப் படுத்திருந்தது கோமளம்.

"அடேயப்பா!" என்றார் நடுவர் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து. "முழங்கை நீளம்! சுதந்திரம் வந்ததும் மண்ணுக்கே தெம்பு வந்துருச்சு பாருங்க!"

மேடையில் ஒலிபெருக்கி கரகரத்தது. "மிளகாய்ப் பிரிவில் முதல் பரிசு... கோமளம்!"

கலியாணசுந்தரம் திடலின் ஓரத்தில் ஐஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்த தண்ணீர் மூக்கில் ஏறியது. ஏனென்றால் முதல் வரிசையில், கொண்டாட்டம் பார்க்கப் புக்கிட் ரம்பாயிலிருந்து வந்திருந்த அவருடைய மாமியார், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

கோமளம் தன் வாழ்நாளில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றியவளல்ல. ஆனால் பேர் சொல்லிப் பரிசு கொடுக்கக் கூப்பிடுகிறார்கள். காரணம் கேட்டுக்கொண்டு நிற்பது மரியாதையில்லை. கம்பீரமாகப் படியேறினாள். விழாக் குழுத் தலைவர் ஒரு கையில் எனாமல் பூசிய மூன்றடுக்கு மங்கு டிபன் கேரியரையும் மறு கையில் வெற்றி பெற்ற மிளகாயையும் கொடுத்தார். கைதட்டல். கோமளம் மிளகாயை உயர்த்திக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்துக் காம்பு தொங்கியது.

கணகணவென்று அடித்த மணியைப் பக்கத்திலிருந்த ஒலிபெருக்கி வாங்கித் திடல் முழுக்கக் கொடுத்தது. கோமளம் "ஐயோ!" என்று அதை வீசினாள். மிளகாய் அதிர்ந்துகொண்டே உருண்டு தலைவரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. காட்டுக் கம்யூனிஸ்டுகளை அடக்கப் பிறப்பித்த அவசரகாலம் இன்னும் முடியாத நாள்கள். யாரோ வெடிகுண்டு என்று நினைத்து "போம்!" என்று கத்தினார்கள். தலைவர் மேடையை விட்டுக் குதித்தார். நடுவர் பூசணிக்காய் மேசைக்குக் கீழே புகுந்தார். கெடா போலீஸ்காரர் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வான்கோழியைத் தள்ளிவிட்டு ருக்மணி ஓடிவந்தாள். "யாரும் பயப்படாதீங்க! அதுக்குப் பசி!" என்று கத்திக்கொண்டே மேடையேறி, நாற்காலிக்கு அடியில் கைவிட்டு எடுத்து, அத்தனை பேர் பார்க்கச் சாவி கொடுத்தாள். மணி நின்றது. காம்பு நிமிர்ந்தது. கண்ணும் மீசையும் சபையைப் பார்த்தன.

முதலில் எழுந்த குரல் அஞ்சலையுடையது. "எந்த ஊர்ல லா மொளகா மணியடிக்கும்? நான் சாணி போட்டு, எரு போட்டு, புள்ள மாதிரி வளத்துக் கொண்டாந்தா, பால் டின்னுக்கா குடுக்குறீங்க பரிசு?"

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றாள் கோமளம். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. "இதுக்கு எதுக்கு என் பேரு? மாப்பிள்ளை எங்க?"

ஊரே திரும்பிக் கலியாணசுந்தரத்தைப் பார்த்தது. அவருடைய கெட்டிக்கார வாய் ஐஸ் தண்ணீர்க் கோப்பைக்குள் போய் ஒளிந்துகொண்டது. வாழ்க்கையில் முதல் தடவை. அவர் கழுத்து வேர்த்து ஒழுகுவதைப் பார்த்து ருக்மணிக்கே இரக்கம் வந்துவிட்டது.

"ஒன்னை மாதிரி தைரியமா இருக்கணும்னு அவருதான் வெச்சாரும்மா," என்றாள்.

"அப்புடியா மாப்பிள்ளை?"

"ஆமாங்க அத்தை," என்றார் கலியாணசுந்தரம். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு பாடு என்று அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும்.

கோமளம் டிபன் கேரியரை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். நம்பினாளா, நம்புவதுதான் லாபம் என்று தீர்மானித்தாளா, தெரியாது. பரிசைத் திருப்பித் தரும்படி குழு கேட்டபோது, "பேரு என்னுது. கூப்புட்டது நீங்க," என்று சொல்லிவிட்டு டிபன் கேரியரோடு புக்கிட் ரம்பாய் பஸ் ஏறிவிட்டாள். அஞ்சலைக்கு ஒரு மாலையும் கைகுலுக்கலும் கிடைத்தன. மாலையை அவள் போகிற வழியில் ஓர் ஆட்டுக்குப் போட்டாள்.

மறுநாள் காலை அவள் மளிகைக் கடைக்கு வந்து கண்ணாடிப் பெட்டியின் மேல் கையை ஊன்றினாள். ஷம்சுதீன் தராசைத் தூரத் தள்ளி வைத்தார். கலியாணசுந்தரம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்.

"அந்தச் சனியன் ஒன்னு எனக்கும் செஞ்சு குடுங்க."

"எதுக்கு?"

"எம் மொளகாயை யாரும் திரும்பிப் பாக்கல. இதை ஊரே பாக்குது. கடையில கட்டித் தொங்கவிடப் போறேன்."

தொங்கவிட்டாள். மணி அடிக்கும்போதெல்லாம் கூட்டம் கூடியது. கூடினவர்கள் சும்மா போக வெட்கப்பட்டுக் காய் வாங்கினார்கள். பிறகு பிள்ளைகளுக்கென்று வந்து கேட்க ஆரம்பித்தார்கள். மலாய்க்காரர் சாபாய் வேண்டுமென்றார், தேவதாஸ் மகளுக்கு முளகு என்று கேட்டார். அஞ்சலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

கலியாணசுந்தரத்துக்கு ஒரே வேலையைத் திரும்பச் செய்வது பிடிக்காது. மூன்றாவது மிளகாயிலேயே முனக ஆரம்பித்தார். முனகல் தாங்காமல் ருக்மணி தகர வேலையைத் தான் எடுத்துக்கொண்டாள். அவள் கைக்குத் தகரம் பணிந்தது. ஒட்டியது ஒட்டியபடி நின்றது. அடுத்து உள்ளே இருக்கும் சக்கரங்களையும் அவளே பொருத்தினாள். பொருத்தக் கற்றவளுக்குப் பழுதுபார்ப்பதில் என்ன கஷ்டம்? அவர் இல்லாத நேரம் வந்த ஒரு மேசைக் கடிகாரத்தைச் சரிசெய்து கொடுத்தாள். அடுத்து ஒரு கைக்கடிகாரம். பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து வந்த ஒருவர், கலியாணசுந்தரம் கை நீட்டியபோது கடிகாரத்தைத் தராமல், "அக்கா இல்லீங்களா?" என்று கேட்டார்.

அன்று கலியாணசுந்தரம் விடுவிடுவென்று எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் ஷம்சுதீன் நினைத்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கோப்பையில் கோப்பி கலந்து எடுத்து வந்தார். ஒன்றை வாடிக்கையாளரிடம் கொடுத்து, இன்னொன்றை வைத்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அவரைக் கேலி பேச ஆரம்பித்தார். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ருக்மணி, முன்னால் கலியாணசுந்தரம். கைவேலை அவளுக்கு, வாய்வேலை அவருக்கு. வியாபாரம் முன்னைவிட நன்றாகவே நடந்தது. கோப்பிதான் கொஞ்சம் சுமார் என்பார் ஷம்சுதீன்.